காதில் விழுந்துவிட்டது, இனி?

லிஃப்ட் கதவு மூடுகிற நேரம், பேன்ட்ரியில் காபி மெஷின் முன்னால் நிற்கிற நேரம், ஷேர் ஆட்டோவில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிற நேரம், மீட்டிங் முடிந்தும் ஒருவர் மைக்கை அணைக்க மறந்துவிட்ட நேரம். வேலைக்குப் போகிற எல்லாருடைய காதிலும் கேட்கக் கூடாத ஒன்று எப்போதாவது வந்து விழத்தான் செய்கிறது. "அந்தப் பொண்ணுக்கு இப்பதான் கல்யாணம் ஆச்சு, அடுத்த வருஷம் லீவுல போயிடும், அதுக்கு எதுக்கு ப்ரமோஷன்?" "பேரைப் பாத்தாலே தெரியலையா, எந்த ஆளுங்கன்னு?" "அடுத்த குவார்ட்டர்ல இந்த டீமே இருக்காது." கேட்டவருக்கு வயிற்றைப் பிசைகிறது. சொன்னவர் காபியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

நம்மில் பெரும்பாலோர் அதன்பின் செய்வது இரண்டில் ஒன்று. கேட்காத மாதிரி இருந்துவிடுகிறோம், இல்லாவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாலு பேரிடம் சொல்லிவிடுகிறோம். இரண்டும் தப்பு என்பது என் கருத்து. காதில் விழுந்த பேச்சு போய்ச் சேரவேண்டிய ஆள் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். சில பேச்சுக்கு அப்படி ஒருவருமே இருக்க மாட்டார்கள். அந்த ஆள் யார் என்று யோசித்து, அவரிடம் மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கேட்டவரின் வேலை.

இது ஏதோ அபூர்வமாக நடக்கிற விஷயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 5 மருத்துவமனைகளின் லிஃப்டுகளில் ஆய்வாளர்கள் சும்மா ஏறி இறங்கி, ஊழியர்கள் பேசுவதைக் கவனித்தார்கள். 1995-இல் வெளியான அந்த ஆய்வில், 259 லிஃப்ட் பயணங்களில் 39 தகாத பேச்சுகள் பதிவாகின. நோயாளியின் அந்தரங்கத்தை வெளியே விட்டவை அதில் அதிகம். நோயாளியைக் கேவலமாகப் பேசியவையும் இருந்தன. அதே லிஃப்டில் அந்த நோயாளியின் மகளோ தம்பியோ நின்றிருக்கலாம் என்ற நினைப்பே பேசியவர்களுக்கு வரவில்லை.

சரியாகத்தான் கேட்டீர்களா?

மேனேஜர் போனில் பேசிக்கொண்டே உங்கள் இருக்கையைத் தாண்டிப் போகிறார். "சொல்லிச் சொல்லிப் பாத்தாச்சு. இந்த மாசத்தோட நிறுத்திடுறேன்." அவ்வளவுதான் கேட்டது. பாதிப்பேருக்கு அன்று தூக்கம் போய்விடும். அவர் நிறுத்தப்போவது பால்காரரையோ, மகனுக்கு வரும் டியூஷன் மாஸ்டரையோவாக இருக்கலாம்.

ஒருபக்கப் பேச்சுக்கு இப்படி ஒரு சக்தி உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். இருவர் பேசுவது முழுதாகக் காதில் விழும்போது இருப்பதைவிட, ஒருவர் பேசுவது மட்டும் விழும்போதுதான் கவனம் அதிகம் சிதறுகிறது. காதுக்கு வராத பாதியை மனம் தானே ஊகிக்கப் பார்க்கிறது. ஊகித்ததைக் கேட்டதாகவே பிறகு நம்பவும் செய்கிறோம்.

அதனால் முதல் வேலை, எழுதிவைப்பது. கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், என்ன வார்த்தை சொல்லப்பட்டது, இவ்வளவையும் குறித்துவிடுங்கள். "அசிங்கமாகப் பேசினார்" என்று எழுதாதீர்கள். சொன்ன வார்த்தையையே எழுதுங்கள், அது கை கூசும் வார்த்தையாக இருந்தாலும் சரி. கேட்காத பகுதியைக் கேட்கவில்லை என்றே எழுதுங்கள். ஆபீஸ் லேப்டாப்பிலும் ஆபீஸ் சாட்டிலும் வேண்டாம். வீட்டிலிருக்கும் ஒரு நோட்டுப் போதும். போனை ஒளித்துவைத்து ரெக்கார்டிங் செய்யவும் கிளம்ப வேண்டாம். பல நிறுவனங்களில் அதுவே விதிமீறல். சொன்னவரைப் பற்றிய புகார் உங்களைப் பற்றிய புகாராகத் திரும்பிவிடும்.

எழுதிப் பார்த்தாலே பாதி விஷயங்கள் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும். யாரோ யாருடனோ சண்டை, யாருக்கோ விவாகரத்து, யாருடைய சம்பளமோ என்றால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். யாருக்கும் சொல்லாதீர்கள், நெருங்கிய தோழிக்கும்கூட.

பேச்சு உங்களைப் பற்றியது என்றால்

எவ்வளவு இரைச்சலிலும் நம் பெயர் பல நேரம் நம் காதுக்கு வந்துவிடும். 1959-இல் நெவில் மோரே என்ற உளவியலாளர் செய்த சோதனையில், ஒரு காதில் ஓடும் பேச்சைக் கவனிக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்களிலும் சுமார் மூன்றில் ஒருவர், அந்தக் காதில் தம் பெயர் சொல்லப்பட்டதைக் கவனித்துவிட்டார். ஆகவே உங்களைப் பற்றிய பேச்சு என்றைக்காவது உங்களை எட்டும்.

எட்டிய நிமிடத்திலேயே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகாதீர்கள். அன்றிரவு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடாதீர்கள். கேட்டதைப் பிரித்துப் பாருங்கள். "ஊர்ப்பக்கத்துப் பையன், இங்கிலீஷ் வரலை, கிளையன்ட் முன்னாடி உட்கார வைக்க முடியாது" என்று ஒருவர் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அதில் இங்கிலீஷ் பற்றிய பகுதி வேலை சம்பந்தப்பட்டது. முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டியது, சொல்லவில்லை. ஊர்ப்பக்கம் என்பது வேலைக்குச் சம்பந்தமே இல்லாத இளக்காரம். முதலாவதுக்குப் பதில் தேடலாம். இரண்டாவதை நீங்கள் தலையில் சுமக்க வேண்டியதில்லை, அந்தக் குறை சொன்னவருடையது.

ஓரிரு நாள் கழித்து, தனியாக நேரம் கேட்டுப் போய்ப் பேசுங்கள். "சார், திங்கட்கிழமை நீங்க கேபின்ல பேசினது என் காதுல விழுந்துச்சு. ஒட்டுக்கேக்கணும்னு நிக்கலை, ஃபைல் கொடுக்க வந்தேன். என் இங்கிலீஷ் பத்திச் சொன்னீங்க. எந்த மீட்டிங்ல குறை தெரிஞ்சதுன்னு சொன்னா நான் சரி பண்ணிக்குவேன். ஊரைப் பத்திச் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு, சார்." இவ்வளவு போதும். குரல் உயர்த்தத் தேவையில்லை, கெஞ்சவும் தேவையில்லை. அவர் மறுத்தால் வாதாட வேண்டாம். நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த முறை உங்கள் பெயரை எடுக்குமுன் யோசிப்பார். அப்ரைசலில் காரணமில்லாமல் மதிப்பெண் குறைந்தால், அந்த நோட்டுப் பக்கம் ஹெச்.ஆரிடம் உதவும்.

பேச்சு இன்னொருவரைப் பற்றியது என்றால்

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் ஆபீஸ் கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. ஐந்தாறு பேர் கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கிறார்கள். ஒருவர் சத்தமாகச் சொல்கிறார்: "எங்க பாத்தாலும் வடக்கனுங்கதான். குளிக்கவே மாட்டானுங்க போல." மற்றவர்கள் சிரிக்கிறார்கள். டீயை ஆற்றிக்கொண்டிருக்கும் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. கிளாசை நீட்டி, "அண்ணா, உங்களுக்குச் சக்கரை கம்மிதானே?" என்கிறான், சுத்தமான தமிழில். சிரிப்பு நின்றுபோகிறது. ஒருவராலும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கூட்டத்திலிருந்த மூத்த அம்மா ஒருவர் மட்டும், "எந்த ஊருப்பா உனக்கு? தமிழ் நல்லாப் பேசுறியே, எத்தனை வருஷமாச்சு வந்து?" என்று கேட்கிறார். அவன் பதில் சொல்கிறான். பேச்சு அவனுடைய ஊர், அம்மா என்று திரும்புகிறது.

அந்த அம்மா யாரையும் கண்டிக்கவில்லை. யாரைப் பற்றிப் பேசினார்களோ அவனையே பேச்சுக்குள் கொண்டுவந்து, ஒரு மனிதனாக நிறுத்தினார். என்னைக் கேட்டால், இதைவிட வேகமான மருந்து கிடையாது. யார் வேண்டுமானாலும் செய்யலாம், பதவி தேவையில்லை.

நேராகச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் கேள்வியாகக் கேளுங்கள். "புரியலையே சார், அதுல சிரிக்க என்ன இருக்கு?" ஜோக்கை விளக்கச் சொன்னால் பெரும்பாலும் ஜோக் செத்துப்போகும். சம வயதுக்காரர் என்றால் "மச்சான், இது வேண்டாம்" என்று ஒரே வரி. பெரிய பதவிக்காரர் நாலு பேர் முன்னால் சொன்னால், அங்கேயே எதிர்த்துப் பேசும் நிலையில் எல்லாரும் இருப்பதில்லை. வீட்டுக் கடன், பிள்ளைகள் பீஸ் எல்லாம் இருக்கிறது. அது கோழைத்தனம் இல்லை. ஆனால் சிரிக்காமல் இருக்க எல்லாராலும் முடியும். பேசுகிறவர் முதலில் தேடுவது சிரிப்பைத்தான்.

"நாலு பேர் கேட்டாங்களே, யாராவது சொல்லுவாங்க" என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. 1968-இல் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் நியூயார்க்கில் மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து, இன்டர்காமில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோன்ற குரலைக் கேட்கச் செய்தார்கள். தான் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு அடங்குமுன் உதவி கேட்டு எழுந்துவிட்டார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் எழுந்தது 31 சதவீதம்தான். கெட்ட மனசுக்காரர்கள் என்பதால் இல்லை. பொறுப்பு பங்கு போட்டுப் போட்டுத் தேய்ந்துவிட்டது.

பேச்சுக்கு ஆளானவர் அங்கேயே இருந்து கேட்டிருந்தால், அன்றைக்கே அவரிடம் போய்ச் சொல்லுங்கள்: "அக்கா, அவர் சொன்னதை நானும் கேட்டேன். தப்பு. நீங்க ஏதாவது செய்யணும்னு நினைச்சா நான் கூட வர்றேன்." அதன்பின் முடிவு அவருடையது. அவரைக் கேட்காமல் நீங்களே ஹெச்.ஆருக்கு மெயில் தட்டிவிடாதீர்கள். அவர் வீட்டில் என்ன நிலைமை, அந்த வேலை அவருக்கு எவ்வளவு அவசியம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. அவர் அங்கே இல்லை, பேச்சு வெறும் வம்பு என்றால், "உன்னைப் பத்தி இப்படிச் சொன்னாங்க" என்று கொண்டுபோய்க் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அவருடைய வேலையையோ பாதுகாப்பையோ பாதிக்கும் பேச்சு என்றால் மட்டும் சொல்லுங்கள். ப்ரமோஷன் பற்றிய அந்தப் பேன்ட்ரிப் பேச்சு இந்த ரகம். அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

சட்டம் உள்ளே வரும் இடம்

2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், கை வைத்தால்தான் குற்றம் என்று இல்லை. பாலியல் சாயலோடு சொல்லும் பேச்சும் அதில் அடக்கம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். பெண் ஒருவர்தான் அதற்குத் தலைவர். 10 பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் குழு அனுமதிக்கலாம். விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்ணால் புகார் தர முடியாத நிலை என்றால், சம்பவம் தெரிந்த ஒருவர் அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு தரவும் விதிகளில் இடமுண்டு. சாட்சியின் அடையாளத்தையும் வெளியே விடக் கூடாது என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது. "என் பேர் வந்துடுமோ" என்று தயங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாதிப் பெயரைச் சொல்லித் திட்டும் விஷயத்தில் கேட்டவருடைய இடம் இன்னும் பெரியது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிற சாதிக்காரர் ஒருவர் பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதி சொல்லித் திட்டினால் குற்றம். பொதுப் பார்வை என்பதுதான் வழக்கு நிற்பதற்கும் விழுவதற்கும் காரணமாகிறது. திருச்சி மாவட்டத்தில் ஒரு வருவாய்த்துறை ஊழியரை அவருடைய அலுவலக அறையிலேயே சாதி சொல்லித் திட்டியதாகப் பதிவான வழக்கை, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உடன் வேலை செய்பவர்கள் சம்பவத்துக்குப் பிறகுதான் உள்ளே வந்தார்கள், திட்டியபோது வெளியாட்கள் யாரும் பார்க்கவோ கேட்கவோ இல்லை என்பதே காரணம். அப்படியானால், அந்த நேரத்தில் அங்கே நின்று காதால் கேட்ட ஒருவர் எவ்வளவு முக்கியம் என்று எண்ணிப் பாருங்கள். அவர் "எனக்கு எதுக்கு வம்பு" என்று ஒதுங்கினால், திட்டு வாங்கியவருக்கு வேறு கதி இல்லை.

மாற்றுத்திறனாளியைப் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதற்கு, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. நடையையும் திக்குவாயையும் வைத்து மிமிக்ரி செய்து சிரிக்கிற ஆபீஸ்களில் இதை ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டலாம்.

இல்லாதவர்களாக நினைக்கப்படுகிறவர்கள்

ஒரு கட்டடத்தில் அதிகம் கேட்பவர்கள் யார் தெரியுமா? ஹவுஸ்கீப்பிங் அக்கா, செக்யூரிட்டி அண்ணன், கேப் டிரைவர், டீ கொண்டுவரும் பையன். டிரைவர் முன்சீட்டில் இருக்கும்போதே பின்சீட்டில் வேலைநீக்கப் பட்டியலை வாசிக்கிறார்கள். கழிவறையில் ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் வருகிற ஏரியாவைக் கேவலமாகப் பேசுகிறார்கள். அங்கே ஒரு ஆள் நிற்கிறார் என்பதே பேசுகிறவர்களுக்கு உறைப்பதில்லை. எனக்கு ரத்தம் கொதிப்பது இந்த இடத்தில்தான்.

இவர்கள் எழுதித் தரமாட்டார்கள், மெயில் அனுப்பமாட்டார்கள். கான்ட்ராக்ட்காரர் ஒரே போனில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார் என்ற பயம். ஆனால் 2013 சட்டத்தில் ஊழியர் என்றால் கான்ட்ராக்ட் ஆள், தினக்கூலி, பயிற்சியாளர் எல்லாரும் சேர்த்திதான். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் அதில் இடமுண்டு. நீங்கள் பெரிய வேலையில் இருப்பவர் என்றால் உள் புகார்க் குழுவினர் பெயர்களும் போன் எண்களும் ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டியிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். தமிழிலும், தேவையென்றால் இந்தியிலும் ஒட்டச் சொல்லுங்கள். ஓய்வறையிலும் ஒட்டச் சொல்லுங்கள்.

பணம் சம்பந்தப்பட்ட பேச்சு

இதில் சட்டென்று ஒரு எச்சரிக்கை. உங்கள் கம்பெனியோ வேறு கம்பெனியோ கைமாறப்போகிறது, பெரிய ஒப்பந்தம் போடப்போகிறது என்று ரயிலிலோ லிஃப்டிலோ காதில் விழுந்தால், பங்கு வாங்க ஓடாதீர்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015 விதிகளின்படி, வெளியே வராத, விலையை அசைக்கக்கூடிய தகவல் யார் கையில் இருக்கிறதோ அவரே உள்ளாள் (இன்சைடர்), அதை வைத்து அவர் பங்கு வாங்குவதோ விற்பதோ விதிமீறல். எப்படிக் கிடைத்தது என்பது உங்களைக் காப்பாற்றாது. அபராதம் குறைந்தது 10 லட்சம் ரூபாய். 25 கோடி வரையோ லாபத்தைப் போல 3 மடங்கு வரையோ, எது அதிகமோ அதுவரை போகலாம்.

அமெரிக்காவில் ஒருவர், பிபி எண்ணெய் நிறுவனத்துக்காக வீட்டிலிருந்து வேலை செய்த மனைவியின் பேச்சிலிருந்து, அந்த நிறுவனம் டிராவல்சென்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனத்தை வாங்கப்போவதைத் தெரிந்துகொண்டார். மனைவிக்குத் தெரியாமல் பங்குகளை வாங்கினார். 2023 பிப்ரவரியில் செய்தி வெளியானதும் விற்று 17 லட்சம் டாலருக்கு மேல் லாபம் பார்த்தார். 2024-இல் 2 ஆண்டு சிறைத் தண்டனை வந்தது. எதுவும் அறியாத மனைவி, விஷயம் தெரிந்ததும் தானே போய் நிறுவனத்திடம் சொன்னார். அவருடைய வேலை போயிற்று. அந்தத் திருமணமும் முறிந்தது.

இதன் மறுபக்கம், நீங்கள் ஷேர் ஆட்டோவில் பேசுவது. கிளையன்ட் பெயர், தொகை, ஊழியர் பெயர் மூன்றையும் தெருவில் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது.

எதையும் யோசிக்காமல் உடனே போகவேண்டியது

படிக்கட்டில் ஒருவர் போனில் அழுகிறார். "இனிமே இருந்து என்ன பண்றது, போயிடலாம்னு இருக்கு" என்பது காதில் விழுகிறது. இங்கே நோட்டும் வேண்டாம், அந்தரங்கம் என்ற தயக்கமும் வேண்டாம். அவர் போனை வைத்ததும் அருகில் போய் உட்காருங்கள். "நீங்க சொன்னது கேட்டுச்சு. சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டதே பலருக்கு மூச்சுவிட வைக்கும். தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள். வீட்டில் நம்பகமான ஒருவருக்குச் சொல்லுங்கள். அவசரம் என்றால் 112. யாராவது யாரையாவது வெட்டுவேன், கொளுத்துவேன் என்று சொல்வது காதில் விழுந்தாலும் இதே 112தான். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று போலீஸ் விசாரித்துக்கொள்ளட்டும்.

பேசியவர் நீங்களாக இருந்தால்

மைக் ஆனிலேயே இருந்தது. நீங்கள் சொன்னதை அவர் கேட்டுவிட்டார். அன்றைக்கே, நேரில் போங்கள். மெசேஜ் போதாது. "உங்களைப் பத்தி நான் சொன்னதை நீங்க கேட்டிருப்பீங்க. அது தப்பு. மன்னிச்சுக்கங்க." அதோடு நிறுத்துங்கள். "நான் அந்த அர்த்தத்துல சொல்லலை", "நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க", "டென்ஷன்ல வந்துடுச்சு" என்று எதையும் பின்னால் ஒட்டாதீர்கள். நாலு பேர் கேட்க இழிவுபடுத்தியிருந்தால் அதே நாலு பேர் கேட்க மன்னிப்புக் கேளுங்கள். அவர் அப்போதே சிரித்து, பரவாயில்லை என்று சொல்ல வேண்டும் என எதிர்பார்க்காதீர்கள். அவர் புகார் கொடுத்தால் அது அவருடைய உரிமை. மன்னிப்புக் கேட்டுவிட்டேனே என்று அவரை இழுத்துப் பிடிக்காதீர்கள், விசாரணையில் சொன்னதைச் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ளுங்கள். அவருடைய அப்ரைசல் உங்கள் கையில் இருக்கிறதென்றால், அந்த வருடம் அதை வேறொருவர் பார்க்கட்டும் என்று மேலிடத்தில் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.